தலையில் விளைந்த ஓர்ணா

மலையேறி வருகிற பேருந்து மூச்சு முட்டி நின்றுவிடுகிற கடைசி ஊர் கரடிச்சோலை. அதற்கு மேலே மேகம்தான் உண்டு, அந்த மேகத்துக்கும் சாலை போட்டுத் தருவதாகத் தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வாக்குக் கொடுப்பதும் உண்டு. அந்த ஊரில் ஒருவர் இன்னொருவரை நெடுநாள் கழித்துப் பார்த்து, பார்த்த சந்தோஷம் தாளாமல் ‘என் ஓர்ணா’ என்று சொல்லிவிட்டால், சொல்லப்பட்டவரின் உச்சந்தலையில் பார்லிக் கதிர் ஒன்று, முற்றி உலர்ந்து அறுவடைக்குத் தயாராக, நீண்ட வால்களோடு எழுந்து நிற்கும். வலிக்காது. சந்தோஷம் இல்லாமல் வாய்க்கு மட்டும் சொன்னால் முளைக்காது. எவ்வளவு பல் தெரியச் சொன்னாலும் முளைக்காது.

சொல்லைக் கொண்டுவந்தவர் பிரிஜித்தா சிஸ்டர். அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில், கல்லையும் காற்றையும் தவிர வேறெதுவும் செழிக்காத ஒரு தீவில் பிறந்து, கரடிச்சோலை மடத்தின் மருந்தகத்துக்கு வந்து சேர்ந்து, பின்பக்கத்து மேட்டில் பார்லி விதைத்து, காய்ச்சல் கண்டவர்களுக்கெல்லாம் அதைக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர். அவருடைய பாஷையில் பார்லிக்கு ஓர்ணா என்று பெயர். அவர் ஊரில் கோடை நடுவில் பழைய தானியம் தீர்ந்துபோய், புதிய தானியம் இன்னும் முற்றாமல், அடுப்பு அணைந்து கிடக்கிற ஒரு மாதம் வருமாம். அந்த மாதத்தின் முடிவில் முதல் பார்லி வீட்டுக்குள் வருகிறபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அவர்கள் மனிதர்களுக்கும் வைத்திருந்தார்களாம். வேண்டியவர் வாசலில் வந்து நின்றால், ‘உன்னைப் பார்த்தது எனக்குப் புது ஓர்ணா’ என்பார்களாம். பசியைக் கரடிச்சோலைக்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆகவே சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றும் அவர் ஆயுள் முழுக்கச் சொன்னார், அதை எடுத்துக்கொள்ளவில்லை.

சிஸ்டர் மண்ணுக்குள் போய் வெகுகாலம் கழித்துத்தான் முதல் கதிர் முளைத்தது. பூண்டு உரிக்கும் ஒச்சம்மாள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்த தம்பி பேருந்தைவிட்டு இறங்குவதைப் பார்த்து, உரித்த பூண்டை அப்படியே கொட்டிவிட்டு ஓடி, “வாடா, என் ஓர்ணா!” என்று கட்டிக்கொண்டாள்.

“ஏன்டா, தலையில என்னடா இது?”

“பஸ்ல யாராச்சும் சொருகியிருப்பாங்கக்கா” என்றான் தம்பி. அவள் பிடுங்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், அன்று ராத்திரி கஞ்சியில் போட்டாள்.

ஏன் முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் கேரட்டுக்கும் பூண்டுக்கும் ஒரே சமயத்தில் நல்ல விலை கிடைத்திருந்தது. அதையே நம்பியவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. யாருக்கு முளைக்கிறது, யாருக்கு முளைக்கவில்லை என்பதுதான் ஊரைத் தூங்கவிடாமல் செய்தது.

வட்டிக்கு விடுகிற சொக்கையாவைக் கண்டதும் தெருவே எழுந்து நின்று ஓர்ணா ஓர்ணா என்று கும்பிட்டது, அவர் மண்டை துடைத்து வைத்த குத்துவிளக்குத் தட்டு மாதிரி பளபளத்துக்கொண்டே இருந்தது. பேருந்து நிலையத்தில் யாருக்கும் எதற்கும் பயன்படாமல் திரிந்த கூத்தன் என்ற கிறுக்கனுக்கோ தலை நிறைய விளைந்து குருவி வந்து இறங்கியது. ஒரு தாய் சொன்னால் ஊரிலிருந்து வந்த மூத்தவன் தலையில் முளைக்கிறது, தன் தலையில் முளைக்கவில்லை என்று இளையவன் பாகம் பிரித்துக்கொண்டு போனான். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கூடத்துக்கு அழைத்து வந்து பாடச் சொல்வதை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். பெண்களில் கெட்டிக்காரிகள், மாப்பிள்ளையின் பின்னால் நின்ற யாரையோ பார்த்துச் சொல்ல, யார் தலையில் முளைத்தது என்று பெரிய ரகளையானது. முடிதிருத்தகத்தில் கதிர் அறுக்கத் தனி நாற்காலி போட்டார்கள். சந்தையில் பிளாஸ்டிக் கதிர் வந்து இறங்கியது, பின்னூசியோடு, தங்க நிறத்தில்.

கடைசியில் ஊர் ஒரு மரியாதையைக் கண்டுபிடித்துப் பிழைத்துக்கொண்டது. ஓர்ணா என்று சொன்ன உடனே சொன்னவரும் கேட்டவரும் சுற்றி நின்றவர்களும் தலையைக் குனிந்து காலைப் பார்க்க வேண்டும். உயரே பார்ப்பது அநாகரிகம். அதன் பிறகு கரடிச்சோலையில் யாரும் யாரையும் வெறுப்பதில்லை என்று ஆகிவிட்டது, செருப்புகள் மட்டும் ரொம்பச் சுத்தமாயின.

இந்த ஊரில்தான் புலவர் வில்லேந்தி இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் கோதண்டபாணி. அதில் வடமொழி வாடை அடிக்கிறது என்று இளவயதிலேயே வில்லேந்தி என்று மாற்றிக்கொண்டு, மடத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் அவரை முன்னால் அய்யா என்றும் பின்னால் வில்லு வாத்தியார் என்றும் அழைத்தது. உலகத்தில் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும், தின்னக் கொடுத்த மாம்பழம் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொட்டை தமிழ்தான் என்று காட்டிவிடுவார். ஓர்ணாவை விடுவாரா?

“ஓர் உணா!” என்றார் தேநீர்க்கடையில், மேசையில் அடித்து. “உணான்னா உணவு. ஓர் உணா, ஒப்பற்ற உணவு. ஓருணா. அதுதான் தேஞ்சு ஓர்ணா. நம்ம ஆளுக கப்பலேறிப் போயி அயர்லாந்துல வெதைச்சிருக்காங்க. அந்தச் சிஸ்டர் என்ன செஞ்சாங்க? நம்ம சொல்ல நமக்கே திருப்பிக் குடுத்தாங்க.”

“அப்ப அந்த ஊர்க்காரங்க நம்ம பங்காளிகளா அய்யா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“பங்காளி இல்ல. நம்ம பிள்ளைக.”

ஊருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பேரூராட்சித் தலைவர் சுருளிராசன், தன் தலையில் இந்நாள்வரை ஒரு கதிர்கூட முளைக்காதவர், முளைக்காத சொல்லுக்காவது சொந்தக்காரராக இருக்கலாம் என்று புலவரைக் கைக்குள் போட்டுக்கொண்டார். ஓர்ணாத் திருநாள் என்று ஒன்று அறிவிக்கப்பட்டது. அதில் புலவருக்கு ‘ஓர்ணாச் செம்மல்’ பட்டம்.

இடையில் புலவர் ஒரு தடவை மதுரைக்குப் போய், ஒரு பெரிய நூலகத்தில், தலையணை தடிமனுள்ள சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினார். அயர்லாந்துக்காரர்களின் ஓர்ணாவும், வடமொழியில் பார்லிக்குப் பெயரான யவமும் ஒரே வயிற்றில் பிறந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று அதில் போட்டிருந்தது. உலகத்தில் எந்த மொழியோடு உறவு என்றாலும் பொறுத்திருப்பார். அகராதியை மூடி, மூடியதை மறுபடி அழுத்தி மூடி, மற்ற புத்தகங்களுக்கு அடியில் தள்ளிவிட்டு, கீழே வந்து ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஊருக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. உண்மையை மறைக்கிறோமே என்று உறுத்தியதாகவும் தெரியவில்லை.

உறுத்தியது வேறு. புலவர் அந்தச் சொல்லை நாள் முழுக்க விளக்குவார், பிரிப்பார், புணர்ப்பார், ஆனால் ஒருவரைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை. விளக்குகிறபோது யார் தலையிலும் எதுவும் முளைப்பதில்லை. அவர் தலையிலும் எதுவும் முளைத்ததில்லை. பழைய மாணவர்கள் வழியில் கண்டால், “ஓர்ணா அய்யா” என்று சொல்லி, மரியாதையாகத் தங்கள் செருப்பைப் பார்த்து, மரியாதையாக எதிர்த்திசையில் போய்விடுவார்கள். குளிர் என்று சொல்லி அவர் சித்திரையிலும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள், இளம்பிறை. ஊர் ஊராகப் போய்ச் சாதி மறுப்புத் திருமணங்களுக்குத் தலைமை தாங்கி, மணமக்களின் கையை இணைத்து, கேட்பவர் கண்ணில் நீர் வரப் பேசியவர் புலவர். அந்தப் பேச்சுகளை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த இளம்பிறை, கேரட் லாரி ஓட்டும் மரியதாஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, “அப்பா, நீங்கதான் தலைமை தாங்கணும்” என்று நின்றாள். மேடை வேறு, வீடு வேறு என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. புலவர் எழுந்து தெருக்குழாய்க்குப் போனார். குடத்தோடு வரிசையில் நின்றவர்களை விலக்கி, குழாயடியில் உட்கார்ந்து, ஊர் பார்க்கத் தலைமுழுகினார். மகள் செத்துவிட்டாள் என்று அர்த்தம். ஈரம் சொட்டச் சொட்ட அவர் வீட்டுக்கு நடக்க, எதிரில் வந்த இளம்பிறை வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அதன்பின் அவள் கரடிச்சோலைக்கு வரவில்லை.

அவர் மனைவி குருவம்மாள் மட்டும் அடிக்கடி வத்தலக்குண்டில் யாரோ ஒரு சித்தப்பா மகளின் விசேஷத்துக்குப் போய்வந்தாள். அந்தச் சித்தப்பாவுக்கு எத்தனை மகள்கள் என்று புலவர் கேட்டதில்லை. அப்படிப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அவள் தலையில் முக்காடு இருக்கும், முக்காட்டுக்குள் எதுவோ முட்டிக்கொண்டு நிற்கும். கரடிச்சோலைச் சொல்லைக் கரடிச்சோலைப் பெண் எங்கே இருந்து சொன்னாலும் விளையும் போலிருக்கிறது. மறுநாள் அவர்கள் வீட்டில் பார்லிக் கஞ்சி. புலவர் குனிந்து குடிப்பார், நிமிர மாட்டார், இன்னும் கொஞ்சம் ஊற்று என்பார்.

மகள் அந்த வாசற்படியை மிதிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லாமல் போயிருந்தது. கூப்பிட்டால் வருவாளோ என்னவோ. வந்தால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், சொல்லி அவள் தலையில் முளைக்காமல் போனால்? அவருடைய மனசுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே நிச்சயம் இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை அவர் நினைக்கத் தொடங்கும்போதெல்லாம் எழுந்து போய் யாருக்காவது ஓர்ணாவின் பிறப்பை விளக்கத் தொடங்கிவிடுவார். பாவி மனுஷன், சொல்லின் வேரைத் தேடினாரா, சொல்லாமல் தப்பிக்க இடம் தேடினாரா?

திருநாளுக்கு முந்தின வாரம் குருவம்மாள் வத்தலக்குண்டுக்குப் போனாள்.

“ஏன்டி, அப்பா உன்னையப் பாக்கணும்ங்கிறாருடி” என்று மகளிடம் துணிந்து ஒரு பொய் சொன்னாள்.

“அவரே சொன்னாரா?”

“வாயத் தொறந்து சொன்னாரு.”

“அவரு வாயத் தொறந்தா வேற என்னென்னமோல்லம்மா வரும்?” என்றாள் இளம்பிறை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திருநாள் அன்று பேருந்து நிலையத்திலேயே பந்தல் போட்டார்கள், ஊரில் சமதளம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. ஒலிபெருக்கிகளைத் தேவாலயத்து மணிக்கூண்டு வரைக்கும் கட்டியிருந்தார்கள். தலைவர் சுருளிராசன் முன்ஜாக்கிரதைக்காரர். மேடையில் தான் புலவரைப் பார்த்து ஓர்ணா என்று சொன்னால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஜரிகைத் தலைப்பாகை ஒன்றைத் தைக்கச் சொல்லி, அதன் உச்சியில் பிளாஸ்டிக் கதிரையும் முன்கூட்டியே பதித்து, சொல்வதற்கு முன்னாலேயே புலவர் தலையில் கவிழ்த்துவிட்டார். கூட்டம் மரியாதையாகக் காலைப் பார்த்தது. புலவரும் கண்ணாடி பார்க்காமலே கம்பீரமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

ஏற்புரைக்கு எழுந்தார். ஓர் உணாவில் தொடங்கினார், கப்பலேற்றினார், அயர்லாந்தில் இறக்கினார், அங்கே உழுது விதைத்து அறுவடைக்கு வந்துகொண்டிருந்தபோது, மலைவளைவில் பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டு வந்து, பந்தலுக்குப் பக்கத்தில் முனகி நின்றது. முன்படியில் கோழிக்கூடை இறங்கியது, கூடைக்காரர் இறங்கினார், அவருக்குப் பின்னால் துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் சதை போட்டு, இளம்பிறை இறங்கினாள்.

புலவருக்கு அயர்லாந்து மறந்துவிட்டது. வேர்ச்சொல் மறந்துவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல், அனுமதி கேட்காமல், அவர் வாயைத் திறந்துகொண்டு அது வந்தது.

“என் ஓர்ணா!”

ஒலிபெருக்கிகள் எல்லாம் அதைச் சொல்லின, மணிக்கூண்டு சொன்னது, எதிர்மலை வாங்கித் திருப்பிச் சொன்னது. இளம்பிறையின் தலையில் கதிர் முளைத்தது. ஒன்று முளைத்து, அதன் பக்கத்தில் ஒன்று முளைத்து, நெற்றி வகிட்டிலிருந்து பின்னல் தொடங்கும் இடம் வரை கொத்துக் கொத்தாக எழுந்து, பாரம் தாங்காமல் இரண்டு தோளிலும் சரிந்து தொங்கி, நடத்துநர் இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்க வேண்டியதாயிற்று. கரடிச்சோலை தன் மரியாதையை மறந்து நிமிர்ந்து பார்த்தது. அவ்வளவு விளைச்சலைக் கூத்தன் தலையில்கூட அது கண்டதில்லை.

“ஆத்தாடி, வில்லு வாத்தியாருக்குள்ள இம்புட்டு இருந்துச்சா!” என்றாள் ஒச்சம்மாள், சத்தமாகவே.

இனி மகள் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை. இளம்பிறை கூட்டத்துக்குள் நடந்தாள், கதிர்கள் உரசிச் சலசலத்தன, மேடைப் படி ஏறினாள். புலவர் தலைப்பாகையைக் கழற்றினார். தலைவர் பதறிக் கையை நீட்ட, அந்தக் கையில் தலைப்பாகையைத் திணித்துவிட்டு, ஆயுளில் யாருக்கும் குனிந்திராத தன் வழுக்கைத் தலையைப் பெற்ற மகளுக்கு முன்னால் குனிந்தார்.

“ஓர்ணா, அப்பா” என்றாள் இளம்பிறை.

ஊர் பார்த்தது. வெயில் அந்த மண்டையில் வழுவழுவென்று விழுந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, நிஜமாகவே முயன்று, கண்ணை மூடி, இன்னொரு முறை சொன்னாள். வரவில்லை. பொய் சொல்கிறவர்களுக்கு வராது என்று ஊர் அறியும்; வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவளுக்கும் வராது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தது. ஒருவர்பின் ஒருவராகக் காலைப் பார்க்கத் தொடங்கினார்கள், இந்த முறை மரியாதைக்காக அல்ல.

புலவர் குனிந்தபடியே கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஒலிவாங்கி பக்கத்தில் இருந்துவிட்டது.

“வந்துச்சாம்மா?”

“இல்லப்பா. வரல.”

தலைவர் தலைப்பாகையோடு ஓடிவந்தார். புலவர் அவர் கையை ஒதுக்கினார்.

“சரிம்மா” என்றார். “வீட்டுக்கு வா.”

“வாரேன். காலைல பஸ்ஸுக்குப் போயிருவேன்.”

“சரி.”

வெறும் தலையோடு அவர் முன்னால் நடந்தார், தலை நிறைய விளைச்சலோடு அவள் பின்னால் நடந்தாள், ஊர் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. ஓர்ணாச் செம்மல் பட்டத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சுருளிராசன் கடைசியில் நடத்துநருக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள்.

வீட்டில் குருவம்மாள் மகளைக் கூடத்தில் உட்கார வைத்து, கருக்கரிவாளால் கதிர்களை அறுத்தாள். முறம் நிறைந்து, இன்னொரு முறமும் நிறைந்தது. உதிர்த்து, குத்தி, புடைத்து, பொழுது சாயுமுன் கஞ்சி காய்ச்சி மூன்று கும்பாவில் ஊற்றினாள். புலவர் தன் கும்பாவைத் தொடாமல் மகள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சந்தோஷம்தான் அது, இடிபட்டு, வெந்து, ஆவி பறக்க அவள் கையில் இருந்தது. அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

“எப்டிம்மா இருக்கு?”

இளம்பிறை நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தாள்.

“உப்புக் கம்மிப்பா.”

வேறு நாளாக இருந்தால் உப்பு என்ற சொல்லுக்கே ஒரு மணி நேரம் பேசியிருப்பார். குருவம்மாள் எழப் போனாள், அவர் கையமர்த்திவிட்டுத் தானே எழுந்து அடுப்படிக்குள் போனார். உள்ளே ஒரு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்டது, இன்னொரு டப்பா திறந்தது, எதுவோ கீழே விழுந்து உருண்டது. இத்தனை வருஷம் சாப்பிட்ட வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று மனிதருக்குத் தெரியவில்லை. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் சொல்லவில்லை. மகள் கும்பாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.